நெல் ரகமும் விவசாயியும்: ஜாங்கோ அட்மினில் மெனி டு மெனி உறவுகளைக் கையாள்வது

மாப்பிள்ளைச் சம்பா விதையை ஒரே ஆண்டில் பல விவசாயிகள் வாங்கிப் போகிறார்கள். அவர்களில் ஒருவரே பூங்காரும் தூயமல்லியும் சேர்த்து வாங்குகிறார். ஒரு ரகத்துக்குப் பல விவசாயிகள், ஒரு விவசாயிக்குப் பல ரகங்கள். தரவுத்தளப் பாடத்தில் மெனி டு மெனி என்று படிக்கிற உறவு இதுதான். காவிரிப் படுகையில் மரபு நெல் விதைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறு குழுவின் பதிவேட்டை, பைதான் மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவில் எழுதிப் பராமரித்து வருகிறேன். அங்கே பதிவு போடுகிற அக்காவுக்கும் அவருக்குத் துணையாக வரும் தம்பிக்கும் நிரல் எழுதத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மென்பொருள் என்றால் அவர்களுக்கு, தரவைச் சேர்க்கவும் திருத்தவும் ஜாங்கோ தரும் அட்மின் பக்கம்தான்.

ஜாங்கோவின் அட்மின் இப்படிப்பட்டவர்களுக்காகவே பிறந்தது. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003இல் தொடங்கி, 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது ஜாங்கோ. நிருபர்களும் ஆசிரியர்களும் நிரலரை எதிர்பார்க்காமல் தாங்களே செய்திகளைப் பதிவேற்ற வேண்டும் என்பதே அட்மினின் நோக்கம். சாதாரண ஃபீல்டுகளுக்கு இன்றும் அது அருமையாக வேலை செய்கிறது. மெனி டு மெனி என்று வரும்போது மட்டும், எதையும் சொல்லாமல் விட்டால் அது காட்டுகிற பெட்டி பதிவு போடுபவருக்குப் பொறியாகிவிடும். அந்தப் பொறியை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம் என்பதை எங்கள் பதிவேட்டை வைத்தே சொல்கிறேன்.

நிரல் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கோடு உள்ள இடங்களில் நிரலிலும் அடிக்கோடு வரும். தட்டச்சு செய்யும்போது அதே பெயரை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது

எந்த விட்ஜெட் (திரையில் தேர்ந்தெடுக்கும் பெட்டி வகை) போடலாம் என்று யோசிக்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: இந்த உறவுக்கென்று சொந்தமாகத் தகவல் ஏதாவது உண்டா?

எங்களிடம் இரண்டு உறவுகள் இருக்கின்றன. ஒன்று, ரகத்துக்கும் குணத்துக்கும் இடையில். காட்டுயானம் உயரமாக வளரும், தண்ணீர் நின்றாலும் தாங்கும். களர்பாலை உவர் நிலத்துக்கு ஏற்றது. அறுபதாம் குறுவை குறுகிய காலப் பயிர். இதில் 'காட்டுயானம்', 'வெள்ளம் தாங்கும்' என்ற இரண்டையும் இணைத்துவிட்டால் வேலை முடிந்தது. எப்போது, எவ்வளவு என்ற கேள்விக்கு இடமே இல்லை.

மற்றது, ரகத்துக்கும் விவசாயிக்கும் இடையில். இங்கே இணைத்தால் மட்டும் போதாது. எந்த ஆண்டு, குறுவையா சம்பாவா தாளடியா, எத்தனை கிலோ கொடுத்தோம், அறுவடைக்குப் பின் எத்தனை கிலோ திரும்பி வந்தது என்று எல்லாம் வேண்டும். எங்கள் குழுவில் ஒரு கிலோ வாங்கினால் இரண்டு கிலோ திருப்பித் தருவது வழக்கம். அந்தக் கணக்கு விவசாயியுடையதும் அல்ல, ரகத்துடையதும் அல்ல. இரண்டும் சந்திக்கிற இடத்துக்குச் சொந்தமானது.

முதல் வகைக்கு வெறும் மெனிடுமெனிஃபீல்ட் போதும். இரண்டாவதற்கு த்ரூ மாடல், அதாவது இணைப்பின் தகவலை வைக்க நாமே எழுதும் தனி மாடல், வேண்டும். மாடல் என்பது ஒரு டேபிளை விவரிக்கும் பைதான் கிளாஸ். இதைத் தவறாமல் பிரித்துக்கொண்டால் அட்மினில் பாதிச் சிக்கல் வராது.

காரணம் தரவுத்தளத்துக்குள் இருக்கிறது. மெனிடுமெனிஃபீல்ட் என்று ஒரு வரி எழுதினால், ஜாங்கோ உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவதாக ஒரு டேபிளை உருவாக்கும். ஆப்பின் பெயர், மாடலின் பெயர், ஃபீல்டின் பெயர் மூன்றையும் அடிக்கோட்டால் இணைத்து அதற்குப் பெயர் வைக்கும். அதில் மூன்று நெடுவரிசைகள்தான்: வரிசை எண், இந்தப் பக்கத்து எண், அந்தப் பக்கத்து எண். அதோடு, அந்த இரண்டு எண்களின் ஜோடி மறுபடி வரக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. குணங்களுக்கு இது நல்லது. விவசாயிக்கும் ரகத்துக்கும் இதையே வைத்தால், போன ஆண்டு பூங்கார் வாங்கியவர் இந்த ஆண்டும் வாங்கியதைப் பதியவே முடியாது. ஏற்கெனவே உள்ள ஜோடியை மறுபடி சேர்க்கச் சொன்னால் ஜாங்கோ பிழை எதுவும் காட்டாது, பேசாமல் விட்டுவிடும். பிழை வராததால்தான் இது ஆபத்து. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போதுதான் விதை எங்கே போனது என்ற கேள்வி வரும்.

இன்னொரு சிறு விஷயம். மெனிடுமெனிஃபீல்டை இரண்டு மாடல்களில் ஒன்றில்தான் எழுதுவோம். எதில் என்றால், பதிவு போடுபவர் எந்தப் பக்கத்தைத் திறந்து இந்த வேலையைச் செய்வாரோ அதில். ரகத்தைத் திறந்து குணங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் இயல்பு, எனவே ஃபீல்ட் ரகத்தில் இருக்கிறது. காலியாக விட அனுமதிக்க வேண்டுமானால் ப்ளாங்க் என்பதை ட்ரூ ஆக்குங்கள். நல் என்பதற்கு இந்த ஃபீல்டில் எந்தப் பயனும் கிடையாது. போட்டால் ஜாங்கோவே எச்சரிக்கும்.

வெறும் உறவு: பெட்டியை மாற்றுவது

ஒன்றும் சொல்லாமல் விட்டால் அட்மின் ஒரு நீளப் பெட்டியைக் காட்டும். அதில் ஒன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே சொடுக்க வேண்டும். கீழே அதற்கொரு குறிப்பும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஏற்கெனவே ஐந்து குணங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ரகத்தைத் திறந்து, ஆறாவதைக் கன்ட்ரோல் இல்லாமல் சொடுக்கினால் முந்தைய ஐந்தும் போய்விடும். சேமித்தால் தரவுத்தளத்திலிருந்தும் போய்விடும். பெட்டியில் மேலே உருட்டிப் பார்த்தால் ஒழிய அது கண்ணில் படாது. பத்துப் பேர் பதிவு போடும் இடத்தில் இந்தப் பெட்டியை வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

குணங்கள் எண்ணிக்கையில் குறைவு, இருபதைத் தாண்டாது என்றால் டிக் பெட்டிகளே சிறந்தவை. ரகத்தின் அட்மின் கிளாஸில் ஃபார்ம்ஃபீல்ட்_ஓவர்ரைட்ஸ் என்ற அகராதியில் மெனிடுமெனிஃபீல்டுக்கு செக்பாக்ஸ்செலக்ட்மல்ட்டிபிள் என்ற விட்ஜெட்டைக் கொடுங்கள். எல்லாம் கண்முன்னே இருக்கும், ஒன்றைத் தொட்டால் மற்றது மாறாது. அந்த அட்மினில் உள்ள எல்லா மெனி டு மெனி ஃபீல்டுக்கும் இது பொருந்தும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சில நூறு வரை போனால் ஃபில்ட்டர்_ஹாரிஸான்ட்டல். ஃபீல்டின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதினால் போதும், இடப்பக்கம் உள்ளவை, வலப்பக்கம் தேர்ந்தெடுத்தவை என்று இரண்டு பெட்டிகள் வரும். ஜாங்கோவோடு வரும் பயனர் பக்கத்தில் குழுக்களையும் அனுமதிகளையும் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இதை எல்லோரும் பார்த்திருப்போம். இடப்பெட்டியின் மேலே தேடவும் முடியும். ஆனால் எல்லாப் பெயர்களையும் பக்கத்தோடு சேர்த்து அனுப்பிவிட்டு, உலாவிக்குள்ளேதான் அது தேடுகிறது. ஆயிரக்கணக்கில் போனால் பக்கம் திறக்கவே தாமதமாகும். டிக் பெட்டி விட்ஜெட்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுவிட்டு ஏன் வரவில்லை என்று தேடாதீர்கள். விட்ஜெட் சொல்லியிருந்தால் அதுதான் ஜெயிக்கும்.

ஆயிரங்களுக்கு ஆட்டோகம்ப்ளீட்_ஃபீல்ட்ஸ். 2017 டிசம்பரில் வந்த ஜாங்கோ 2.0இலிருந்து இது இருக்கிறது. தட்டத் தட்ட சர்வரிடம் கேட்டு, பொருந்துகிற பெயர்களை மட்டும் கொண்டுவரும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த மாடலைத் தேடுகிறோமோ அதன் அட்மின் பதிவாகியிருக்க வேண்டும், அதில் சர்ச்_ஃபீல்ட்ஸ் எழுதியிருக்க வேண்டும். அட்மின் பதிவாகாவிட்டால் அட்மின்.ஈ039, சர்ச்_ஃபீல்ட்ஸ் இல்லாவிட்டால் அட்மின்.ஈ040 என்ற பிழை சர்வர் கிளம்பும்போதே வரும். பதிவு போடுபவருக்கு அந்த மாடலைப் பார்க்கும் அனுமதியும் தேவை. உங்கள் கணினியில் சூப்பர் யூசராக எல்லாம் சரியாக வந்து, அக்காவின் கணக்கில் மட்டும் பட்டியல் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ரா_ஐடி_ஃபீல்ட்ஸ் என்றும் ஒன்று இருக்கிறது. எண்களைக் காற்புள்ளி போட்டு எழுத வேண்டும். நிரலர்களுக்கு அது சரி. நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு போடுபவரிடம் அதைக் கொடுக்க மாட்டேன்.

தமிழ்ப் பெயர்களைத் தேடும்போது

ஆட்டோகம்ப்ளீட் போட்டதும் ஒரு பிரச்சினை எழும், அது நம் எழுத்துக்கே உரியது. 'கோவிந்தன்' என்று தட்டுகிறோம், பட்டியலில் வரவில்லை. ஆனால் விவசாயிகள் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோவிந்தன் இருக்கிறார். யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு வேறு. ஒகரக் குறியும் அப்படித்தான். பழைய எக்செல் கோப்பிலிருந்து ஏற்றிய பெயர் ஒரு வகை, கைபேசியில் தட்டிய பெயர் இன்னொரு வகை என்று கலந்துகிடக்கும்.

பைதானில் யூனிகோட்டேட்டா என்ற நூலகத்தின் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி என்ற வடிவத்தோடு கூப்பிட்டால் எல்லாம் ஒரே வகைக்கு வந்துவிடும். இதை விவசாயி மாடலின் சேவ் முறையில் போடுங்கள். ஏற்கெனவே உள்ள பெயர்களை ஒரு டேட்டா மைக்ரேஷனில் (தரவுத்தள மாற்றத்தை எழுதிவைத்து ஓட்டும் கோப்பு) ஒருமுறை திருத்துங்கள். அப்புறம் விவசாயி அட்மினில் கெட்_சர்ச்_ரிசல்ட்ஸ் முறையை மேலெழுதி, தேடுபவர் தட்டிய சொல்லையும் அதே வடிவத்துக்கு மாற்றிவிட்டு சூப்பரிடம், அதாவது ஜாங்கோவின் மூல முறையிடம், கொடுங்கள். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் ஓட்டை இருக்கும். ஔகாரத்தில் மட்டும் இது முழுதும் உதவாது. 'கௌரி' என்பதற்குக் கொம்பு போட்டு ளகர எழுத்தைப் பக்கத்தில் தட்டியிருந்தால் அது உண்மையிலேயே வேறு எழுத்து, எந்த நார்மலைஸும் அதைச் சரிசெய்யாது. அவற்றைத் தேடிப் பிடித்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

பெயர் கிடைத்தால் போதுமா? ஒரே ஒன்றியத்தில் மூன்று முருகேசன்கள் இருப்பார்கள். பட்டியலில் வெறும் 'முருகேசன்' என்று மூன்று முறை வந்தால் பதிவு போடுபவர் யாரைத் தேர்வார்? விவசாயி மாடலின் ஸ்ட்ர் முறையில் தகப்பனார் முதலெழுத்து, பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துத் தாருங்கள். ஊர் தனி மாடல் என்றால், ஒவ்வொரு பெயருக்கும் ஊரைக் கேட்டு ஒரு க்வெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஓடும். விவசாயி அட்மினின் கெட்_க்வெரிசெட்டில் செலக்ட்_ரிலேட்டட் சேர்த்துவிட்டால் அது நிற்கும். ஆட்டோகம்ப்ளீட் அந்த க்வெரிசெட்டையே பயன்படுத்துகிறது. ஃபில்ட்டர்_ஹாரிஸான்ட்டல் அப்படிச் செய்யாது. அதற்கு ஃபார்ம்ஃபீல்ட்_ஃபார்_மெனிடுமெனி என்ற முறையை எழுதி, குறிப்பிட்ட ஃபீல்டுக்கு நாமே க்வெரிசெட் கொடுக்க வேண்டும். பயன்பாட்டில் இல்லாத குணங்களை மறைப்பது போன்ற வடிகட்டலுக்கும் அந்த முறையே இடம்.

தகவல் சுமக்கும் உறவு: த்ரூ மாடலும் இன்லைனும்

இப்போது விதை வழங்கலுக்கு வருவோம். 'விதைவழங்கல்' என்று ஒரு மாடல் எழுதுகிறோம். அதில் விவசாயிக்கு ஒரு ஃபாரின்கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்ட்), ரகத்துக்கு ஒரு ஃபாரின்கீ, ஆண்டு, பட்டம் (குறுவை, சம்பா, தாளடி), கொடுத்த கிலோ, திரும்பிய கிலோ. கிலோவுக்கு டெசிமல்ஃபீல்ட் வையுங்கள். அரைக் கிலோவும் கால் கிலோவும் கொடுப்போம், ஃப்ளோட்டில் கூட்டினால் கணக்கு உதைக்கும். பிறகு விவசாயி மாடலில் ரகங்கள் என்ற மெனிடுமெனிஃபீல்டில் த்ரூ என்பதற்கு இந்த மாடலைக் கொடுக்கிறோம்.

இரண்டு ஃபாரின்கீக்கும் ஆன்_டெலீட் என்ன என்பதை நின்று யோசித்து எழுதுங்கள். தானாக உருவாகும் மறைவு டேபிளில் ஒரு பக்கத்தை அழித்தால் இணைப்புகளும் சேர்ந்து அழியும், அங்கே அது சரிதான். இங்கே கேஸ்கேட் என்று எழுதினால், தவறுதலாக ஒரு ரகத்தை அழிக்கும்போது அந்த ரகத்தின் இத்தனை ஆண்டுக் கொடுக்கல் வாங்கலும் போய்விடும். அட்மின் ஒரு உறுதிப் பக்கம் காட்டும்தான், ஆனால் அவசரத்தில் 'ஆம்' என்று சொடுக்க ஒரு நொடி போதும். ப்ரொடெக்ட் போட்டால் கணக்கு இருக்கும்வரை ரகத்தை அழிக்கவே விடாது. இது பிறருடைய விதைக் கணக்கு. பாதுகாப்பது நம் பொறுப்பு.

விவசாயி, ரகம், ஆண்டு, பட்டம் நான்கும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று மெட்டாவில் யூனிக்கன்ஸ்ட்ரெய்ண்ட் எழுதுங்கள். நாமே எழுதும் த்ரூ மாடலுக்கு எந்தக் கட்டுப்பாடும் தானாக வராது. இதை எழுதிவிட்டால், ஒரே பக்கத்தில் இரண்டு வரியில் ஒரே பதிவைப் போட்டாலும் அட்மின் பிடித்து, திருத்தச் சொல்லும்.

த்ரூ மாடல் கொடுத்த கணத்திலிருந்து ரகங்கள் என்ற ஃபீல்ட் விவசாயியின் அட்மின் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். கிலோ தெரியாமல் வெறும் இணைப்பைச் சேமிக்க அட்மினுக்கு வழியில்லை, அதனால் அது ஃபார்மில் சேர்ப்பதில்லை. ஃபீல்ட்செட்ஸில் வலிந்து எழுதினால் அட்மின்.ஈ013 பிழை வரும். பதிலாக டேபுலர்இன்லைன் (ஒரு பக்கத்துக்குள்ளேயே இன்னொரு மாடலின் வரிகளைக் காட்டும் பகுதி) ஒன்று எழுதி, அதன் மாடல் விதைவழங்கல் என்று சொல்லி, விவசாயி அட்மினின் இன்லைன்ஸ் பட்டியலில் சேருங்கள். விவசாயியின் பெயர், ஊருக்குக் கீழே வரிவரியாக அவர் வாங்கிய விதைகள் வந்து நிற்கும். காகிதப் பதிவேட்டில் பழகியவருக்கு இதைக் கற்றுத்தரவே தேவையில்லை.

இன்லைனில் இரண்டு அமைப்புகளைத் தவறாமல் செய்யுங்கள். எக்ஸ்ட்ரா என்பதை 0 ஆக்குங்கள். இயல்பாக அது 3, ஒவ்வொரு முறையும் மூன்று வெற்று வரிகள் தொங்கிக்கொண்டிருக்கும். இன்னொன்று, மறுபக்க ஃபாரின்கீயை ஆட்டோகம்ப்ளீட்_ஃபீல்ட்ஸில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முழுப் பட்டியல் கீழிறங்கு பெட்டியாக வரும். ரகங்கள் 200 என்றால் தாங்கும். இதே இன்லைனை ரகத்தின் பக்கத்தில் வைத்து, ஆயிரம் விவசாயிகள், 20 வரிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20,000 பெயர்கள் ஒரே பக்கத்தில் இறங்கும், அதே க்வெரி வரிக்கு வரி திரும்ப ஓடும்.

ரகத்தின் பக்கத்தில் இந்த இன்லைனை வைக்கலாமா? பார்க்க மட்டும் வைக்கலாம், திருத்த வேண்டாம் என்பேன். மாப்பிள்ளைச் சம்பா போன்ற ஒரு ரகத்துக்குச் சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்துவிடும். ஜாங்கோ ஒரு ஃபார்மில் 1,000 ஃபீல்டுகளுக்கு மேல் வந்தால் ஏற்காது. டேட்டா_அப்லோட்_மேக்ஸ்_நம்பர்_ஃபீல்ட்ஸ் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு அது. ஒரு வரிக்கு, மறைந்திருக்கும் எண்களையும் சேர்த்து, ஏழெட்டு ஃபீல்டுகள் போகும். அப்படியென்றால் 125 வரிகளுக்குள் எல்லை வந்துவிடும், சேமிக்கும்போது 400 பிழைதான் பதில். இணையத்தில் தேடினால் அந்த எண்ணைக் கூட்டச் சொல்வார்கள். அந்த எல்லை சர்வரைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுக்க வைக்கப்பட்டது, அதைத் தளர்த்தாதீர்கள். ரகத்தின் இன்லைனில் ஹேஸ்_ஆட்_பெர்மிஷன், ஹேஸ்_சேஞ்ச்_பெர்மிஷன், ஹேஸ்_டெலீட்_பெர்மிஷன் மூன்றும் ஃபால்ஸ் திருப்பினால் வரிகள் வெறும் எழுத்தாகத் தெரியும், அவற்றைத் திருத்தும் ஃபீல்டுகள் ஃபார்மில் போகாது. இன்னும் வளர்ந்தால் விதைவழங்கலையே தனி அட்மினாகப் பதிந்து, ஆண்டு, பட்டம் வாரியாக வடிகட்டிப் பார்க்க விடுங்கள். நாங்கள் ஆண்டுக் கணக்கை அந்தப் பக்கத்தில்தான் சரிபார்க்கிறோம்.

வெறும் மெனி டு மெனியையும் இன்லைனாக வைக்க முடியும். குணத்தின் பக்கத்தைத் திறந்து, அந்தக் குணமுள்ள ரகங்களைச் சேர்க்க வேண்டுமென்றால், இன்லைனின் மாடலாக ரகம்.குணங்கள்.த்ரூ என்று கொடுங்கள். இரண்டு மாடல்களின் பெயரையும் இணைத்து 'ரிலேஷன்ஷிப்ஸ்' என்று ஒரு தலைப்பு வந்து பயமுறுத்தும், வெர்போஸ்_நேம்_ப்ளூரல் கொடுத்து மாற்றிவிடுங்கள்.

பட்டியல் பக்கம்

ரகங்களின் பட்டியலில் குணங்களையும் காட்டினால் நன்றாயிருக்கும் என்று லிஸ்ட்_டிஸ்ப்ளேயில் அந்த ஃபீல்டின் பெயரை எழுதினால் அட்மின்.ஈ109 பிழை. ஒவ்வொரு வரிக்கும் தனி க்வெரி ஓடும் என்பதால் ஜாங்கோ வேண்டுமென்றே தடுத்திருக்கிறது. வழி: அட்மினில் ஒரு முறை எழுதி, அதில் குணங்களை எடுத்துக் காற்புள்ளியால் கோத்துத் திருப்புங்கள். கெட்_க்வெரிசெட்டில் ப்ரீஃபெட்ச்_ரிலேட்டட் சேருங்கள். பக்கத்துக்கு இயல்பாக 100 வரிகள், ப்ரீஃபெட்ச் இல்லாமல் 100 கூடுதல் க்வெரிகள், இருந்தால் ஒன்றே ஒன்று.

இந்த இடத்தில் பலரும் சறுக்குவார்கள். அந்த முறைக்குள் குணங்களை ஆல் என்று மட்டும் கேளுங்கள். ஃபில்ட்டர், ஆர்டர்_பை, வேல்யூஸ்_லிஸ்ட் எதைச் சேர்த்தாலும் ஏற்கெனவே எடுத்துவைத்ததை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கப் போய்விடும். வரிசைப்படுத்த வேண்டுமானால் கிடைத்த பட்டியலைப் பைதானில் வரிசைப்படுத்துங்கள். நெடுவரிசைத் தலைப்பைத் தமிழில் வைக்க ஜாங்கோ 3.2 முதல் அட்மின்.டிஸ்ப்ளே என்ற டெகரேட்டர் இருக்கிறது.

எத்தனை விவசாயிகள், எத்தனை குணங்கள் என்று இரண்டு எண்ணிக்கைகளை அனோடேட் செய்தால் இரண்டிலும் டிஸ்டிங்க்ட் ட்ரூ போடுங்கள். போடாவிட்டால் 5 குணங்களும் 30 விவசாயிகளும் பெருகி இரண்டு நெடுவரிசையிலும் 150 என்று வரும்.

சேமிக்கும் வரிசை

அட்மின் முதலில் சேவ்_மாடலைக் கூப்பிட்டு ரகத்தைச் சேமிக்கும். அதற்குப் பிறகே சேவ்_ரிலேட்டட், அதில்தான் மெனி டு மெனியும் இன்லைன்களும் சேமிக்கப்படும். வரிசை இப்படித்தான் இருக்க முடியும். புதிய ரகத்துக்கு எண் கிடைத்தால்தானே இணைப்பு டேபிளில் எழுத முடியும்? எனவே ரகம் மாடலின் சேவ் முறைக்குள் குணங்களைப் படித்து எதையாவது கணக்கிட்டால் கிடைப்பது பழைய குணங்கள். ஒருமுறை சேமித்தால் வேலை செய்யாமல், இரண்டாம் முறை சேமித்தால் சரியாகிற பிழைகளுக்கெல்லாம் வேர் இதுவே. அந்தக் கணக்கை சேவ்_ரிலேட்டட்டை மேலெழுதி, சூப்பரைக் கூப்பிட்ட பின் செய்யுங்கள். ஃபார்ம்.இன்ஸ்டன்ஸ் என்பதில் ரகம் கிடைக்கும்.

அட்மினுக்கு வெளியே ஷெல்லிலும் ஏபிஐயிலும் குணங்கள் மாறும் என்றால் எம்2எம்_சேஞ்ச்ட் என்ற சிக்னலை (மாற்றம் நடந்ததும் ஜாங்கோ அனுப்பும் அறிவிப்பு) கேளுங்கள். போஸ்ட்_ஆட், போஸ்ட்_ரிமூவ், போஸ்ட்_க்ளியர் மூன்றையும் கவனியுங்கள். ஆனால் விதைவழங்கல் இன்லைனில் வரி சேர்க்கும்போது இந்த சிக்னல் வராது. அங்கே த்ரூ மாடலின் வரியே நேராகச் சேமிக்கப்படுகிறது, அதனால் அந்த மாடலின் போஸ்ட்_சேவ், போஸ்ட்_டெலீட் சிக்னல்களைத்தான் கேட்க வேண்டும்.

சரிபார்ப்புக்கும் இதே வரிசைதான் காரணம். 'குறுகிய காலம்', 'நீண்ட காலம்' இரண்டு குணமும் ஒரே ரகத்துக்கு வரக்கூடாது என்று மாடலின் க்ளீன் முறையில் எழுதிப் பயனில்லை, புதிதாகத் தேர்ந்தெடுத்தவை அங்கே தெரியாது. மாடல்ஃபார்ம் எழுதி அதன் க்ளீனில் க்ளீன்ட்_டேட்டாவிலிருந்து படியுங்கள். முந்தைய விதை திரும்பாதவருக்குப் புதிய வரி சேர்க்கக் கூடாது என்பது போன்ற, வரிகளுக்கு இடையிலான விதி என்றால் பேஸ்இன்லைன்ஃபார்ம்செட்டிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்து, அதன் க்ளீனில் எல்லா ஃபார்ம்களையும் சுற்றிப் பாருங்கள். அழிக்கக் குறித்த வரிகளையும் வெற்று வரிகளையும் தாண்டிப் போக மறக்க வேண்டாம்.

ஏற்கெனவே வெறும் உறவாக இருப்பதை மாற்றுவது

தகவல் வேண்டாம் என்று தொடங்கிய உறவுக்குப் பிறகு தகவல் தேவைப்படுவது சகஜம். அப்போது த்ரூ என்று சேர்த்துவிட்டு மைக்ரேட் அடித்தால் வேல்யூஎரர் வரும். இருக்கும் மெனிடுமெனிஃபீல்டில் த்ரூ சேர்ப்பதை ஜாங்கோ தானாகச் செய்யாது. ஃபீல்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் எல்லா இணைப்பும் போய்விடும், அதைச் செய்யாதீர்கள்.

முதல் படியில் த்ரூ மாடலை எழுதுங்கள், ஆனால் இரண்டு ஃபாரின்கீ மட்டும். அவற்றின் பெயர்கள் மாடல் பெயர்களின் சிற்றெழுத்து வடிவமாகவே இருக்கட்டும், மறைவு டேபிளின் நெடுவரிசைகள் அந்தப் பெயரில்தான் உள்ளன. மெட்டாவில் டிபி_டேபிள் என்பதற்கு மறைவு டேபிளின் பெயரைக் கொடுங்கள். யூனிக்_டுகெதர் என்பதில் அந்த இரண்டையும் எழுதுங்கள். இப்போது மேக்மைக்ரேஷன்ஸ் உருவாக்கும் கோப்பைத் திறந்து, அதில் உள்ள செயல்கள் அனைத்தையும் செபரேட்டேட்டாபேஸ்அண்ட்ஸ்டேட் என்பதன் ஸ்டேட்_ஆபரேஷன்ஸுக்குள் நகர்த்துங்கள். டேபிள் ஏற்கெனவே இருக்கிறது, தரவுத்தளத்தைத் தொட வேண்டாம், உன் நினைவில் மட்டும் இந்த மாடலைப் பதிந்துகொள் என்று ஜாங்கோவிடம் சொல்கிறோம்.

இரண்டாம் படியில் ஆண்டு, பட்டம், கிலோ ஃபீல்டுகளைச் சேருங்கள். பழைய வரிகளுக்கு இந்தத் தகவல் இல்லை என்பதால் நல் அனுமதித்துத் தொடங்குவதே நேர்மை. பொய்யாக ஒரு ஆண்டை இயல்பு மதிப்பாகப் போட்டால் அது பின்னால் உண்மையோடு கலந்துவிடும். மூன்றாம் படியில் யூனிக்_டுகெதரை எடுத்துவிட்டு, நான்கு ஃபீல்டுகளின் யூனிக்கன்ஸ்ட்ரெய்ண்டைச் சேருங்கள். முதல் படியில் அதை எழுதச் சொன்னது இதற்காகத்தான். தரவுத்தளத்தில் ஜோடிக் கட்டுப்பாடு இருப்பது ஜாங்கோவுக்குத் தெரிந்திருந்தால்தான், நெடுவரிசைகளைப் பார்த்து அதைத் தேடி நீக்கும். தெரியாவிட்டால் அது அங்கேயே கிடந்து, அதே விவசாயி அதே ரகத்தை அடுத்த ஆண்டு வாங்கும்போது இன்டெக்ரிட்டிஎரராக வெடிக்கும்.

நிரலில் வேறெங்காவது விவசாயி.ரகங்கள்.ஆட் என்று இருந்தால் தேடிப் பிடியுங்கள். ஜாங்கோ 2.2 முதல் த்ரூ_டிஃபால்ட்ஸ் என்ற அகராதியில் ஆண்டு, கிலோ எல்லாம் கொடுத்து அதே ஆட்-ஐக் கூப்பிடலாம்.

உண்மையான தரவுத்தளத்தில் ஓட்டும் முன் மூன்று மைக்ரேஷன்களையும் எஸ்க்யூஎல்மைக்ரேட் கட்டளையில் பாருங்கள். முதலாவதில் டேபிளை உருவாக்கும் வரி எதுவும் இருக்கக்கூடாது, மூன்றாவதில் பழைய கட்டுப்பாட்டை நீக்கும் வரி இருக்க வேண்டும். எஸ்க்யூலைட் என்றால் நீக்கும் வரிக்குப் பதில் டேபிளையே புதிதாகக் கட்டி வரிகளை மாற்றுவது தெரியும், அது சரியே. பிறகு ஒரு பிரதி எடுத்து அதில் ஓட்டி, இணைப்பு டேபிளின் வரிகளை முன்னும் பின்னும் எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால், பேக்கப் எடுத்துவிட்டு, பதிவு போடுபவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓட்டலாம்.